பால் எதுக்களிப்பு நிபுணர்

வானமே இடிந்து விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கேரம் போட்டிக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் எல்லாம் எஃகு போன்றவை. மனைவி பக்கத்தில் இல்லாத நேரத்தில் எடுத்தவையாக இருந்தால் இன்னும் உறுதி.

சாதாரண ஆட்டமா அது? இரட்டையர் இறுதி ஆட்டம். நானும் எதிர்வீட்டுத் தையல்காரரும் ஜோடி. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய ஜோடி இந்தத் தடவைதான் கோப்பை வரைக்கும் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"குழந்தை பொறந்ததுலேருந்து இந்த நாலு சுவரையே பாத்துக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் வெளிய போறேன். உருண்டை உங்க பொறுப்பு."

உருண்டை என்பது எங்கள் மகள். நான்கு மாதக் கைக்குழந்தை. பால் குடிப்பாள். சிரிப்பாள். குடித்ததில் ஒரு பங்கை என் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாருக்கும் கடன்பட விரும்பாத பிள்ளை.

அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. நான் பம்பு தொழிற்சாலையில் வால்வு பரிசோதகன். தண்ணீர் ஒரு பக்கம்தான் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. திரும்பினால் அந்த வால்வைக் கூடையில் போடுவதுதான் என் தொழில். போன பால் திரும்பி வருகிறதென்றால் வேறென்ன, வால்வுக் கோளாறுதானே! டாக்டரிடம் காட்டுவோம். 'தாய் பக்கத்தை விட்டு நகரக் கூடாது' என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போட்டிக்கு, அவள் வீட்டோடு.

"இந்தா, குழந்தை இப்படி எதுக்களிக்கறது எனக்குச் சரியாப் படல. டாக்டர்கிட்ட போயிடலாம்."

"நல்லா குடிக்கிறா, நல்லா சிரிக்கிறா. எதுக்குப் போகணும்?"

"சிரிச்சா ஆச்சா? கசியுற வால்வு சிரிச்சுக்கிட்டே கசிஞ்சா நான் விட்டுடுவேனா?"

"சரி, போலாம்."

உடனே ஒத்துக்கொண்டாள். நான் எது சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பவள் அவள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா உருண்டையை எடை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பால் எப்படி வருது?"

"பீச்சி அடிக்குது டாக்டர்!"

"எவ்வளவு தூரம்?"

"என் தோள் வரைக்கும்."

"குழந்தை எங்க இருக்கும்?"

"தோள்லதான்."

"அப்ப வழியுதுன்னு சொல்லுங்க. பச்சையா வருதா? ரத்தம் கலந்திருக்கா?"

"இல்ல டாக்டர். வெள்ளையா, கொஞ்சம் தயிர் மாதிரி."

"குடிக்க மாட்டேன்னு முதுகை வளைச்சுக்கிட்டு அழறாளா?"

"அழறது நான்தான் டாக்டர். சட்டை மாத்தி மாத்தி..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழந்தையின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "டயப்பரை இவ்வளவு இறுக்கிக் கட்டினது யாரு?"

"நான்தான். கசிவுன்னா முதல்ல எல்லாத்தையும் இறுக்கணும். எங்க ஃபேக்டரியில அதுதான் முறை."

"வயித்தை அமுக்கினா பால் எங்க போகும்? மேலதான் வரும்."

"கட்டிலோட தலைமாட்டுல ரெண்டு செங்கல்லும் வச்சிருக்காரு டாக்டர்," என்று என் மனைவி போட்டுக்கொடுத்தாள்.

"முதல்ல அதை எடுங்க. சாய்மானமும் கூடாது, தலையணையும் கூடாது. எப்பவும் சமமா, மல்லாக்கத்தான் தூங்க வைக்கணும்." பிறகு பொறுமையாகச் சொன்னார். "இரைப்பைக்கு மேல ஒரு மூடி மாதிரி இருக்கு. கைக்குழந்தைக்கு அது இன்னும் இறுகியிருக்காது. வளர வளரத் தானா சரியாயிடும்."

"நான் அப்பவே சொன்னேன், வால்வுன்னு!"

"எடை நல்லா ஏறியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரேயடியா குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. நடுவுல ஏப்பம் விட வைங்க. குடிச்சதும் அரை மணி நேரம் தோள்ல நிமிர்த்தி வச்சிருங்க. குலுக்கக் கூடாது. பச்சையாவோ ரத்தமாவோ வந்தா, நிஜமாவே பீச்சி அடிச்சா, குடிக்காம சோர்ந்து போனா, எடை ஏறலைன்னா, உடனே ஓடி வாங்க. மத்தபடி உங்களுக்குத் துணி துவைக்கிற வேலைதான்."

நான் என் துருப்புச் சீட்டை இறக்கினேன். "அப்ப, தாய் பக்கத்துலயே இருக்கணும். அப்படித்தானே டாக்டர்?"

"தாய்தான்னு இல்ல. பொறுமையா உக்காரத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் சரி."

என் மனைவி பெருமூச்சு விட்டாள். "எனக்கு அந்தப் பொறுமை ஏது டாக்டர்? இவரு ஃபேக்டரியில ஒரு மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பாரு. இவரு கை பட்டா எந்த வால்வும் கசியாதுன்னு அங்க எல்லாரும் சொல்லுவாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டிக் கேட்டதே இல்லை. அதுவும் ஒரு டாக்டர் முன்னால்! என் மார்பு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் தெறிக்காமல் இருந்ததே ஆச்சரியம்.

"என்னை விட்டா வேற யாரு டாக்டர்? நான் பாத்துக்கறேன்!" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஞாயிறு வந்தது. பாலை எடுத்துப் புட்டியில் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். "ரப்பர்ல எப்பவும் பால் நிரம்பி இருக்கணும். காத்து உள்ள போகக் கூடாது."

"என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா? போற வழியில தையல்காரர்கிட்ட நான் வரலேன்னு சொல்லிடு. பாவம், கோப்பை போச்சேன்னு அழுவாரு."

"கவலைப்படாதீங்க. ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

உருண்டைக்குப் பசித்தது. பாதி கொடுத்தேன். நிறுத்தினேன். முதுகைத் தடவினேன். லாரி டிரைவர் விடுவது போல் ஒரு ஏப்பம் விட்டாள். மீதியையும் கொடுத்துவிட்டுத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ முனகினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் எனக்குக் கேரம் ஞாபகமே வரவில்லை. என்னைப் போல ஒரு தகப்பன் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று தோன்றியது.

சாயங்காலம் கதவு திறந்தது. என் மனைவி வந்தாள். பின்னால் தையல்காரர். அவர் கையில் கோப்பை.

"யாரு ஜெயிச்சது?"

"நாங்கதான்," என்றாள் மனைவி.

"நாங்கன்னா?"

தையல்காரர் முந்திக்கொண்டார். "வீட்டம்மாவுக்கு என்னா கை சார்! அந்த சிவப்புக் காயைச் சுண்டினாங்க பாருங்க, எதிராளி எழுந்து நின்னு கை தட்டிட்டான்!"

"உனக்குக் கேரம் ஆடத் தெரியுமா?"

"காலேஜ்ல நான்தான் சாம்பியன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க ஆடின ஆட்டத்தைச் சொல்லி முடிச்சாத்தானே நான் என் ஆட்டத்தைச் சொல்ல முடியும்?"

"நீங்க ஃபேக்டரிக்குப் போனதும் எங்க வீட்டுக்கு வந்துதான் பழகினாங்க சார்," என்றார் தையல்காரர். "உருண்டையை என் சம்சாரம் பாத்துக்கிட்டா. மாற்று ஆளா போன வாரமே பேரு குடுத்தாச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "அப்ப டாக்டர்கிட்ட போனது?"

"அவங்க சொன்னதையெல்லாம் தடுப்பூசி போட்ட நர்ஸம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. உங்க வாயால 'நான் பாத்துக்கறேன்'னு சொல்ல வைக்கணுமில்ல? அதுக்குத்தான் வந்தேன்."

தையல்காரர் நல்ல மனுஷர். என் தோளைத் தட்டினார்.

"மனசை விடாதீங்க சார். அடுத்த மாசம் வெளியூர்ல பெரிய போட்டி. நீங்க கண்டிப்பா வரணும்."

போன உயிர் திரும்பி வந்தது. "நிஜமாவா? நான் இல்லாம முடியாதுங்கறீங்க?"

"எப்படி சார் முடியும்? வீட்டம்மா ஆடி முடிக்கிற வரைக்கும் குழந்தையை யாரு தோள்ல வச்சிருக்கறது?"