பீட்டா அண்ணனின் கம்ப்யூட்டர்ப் பெரட்டு

மலையகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தால் மனம் நொந்துபோகிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், எங்களுக்கு அடுத்த குவாட்டர்ஸில் குடியிருந்த பீட்டா அண்ணன்தான் அவர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரையே இயக்குகிற மென்பொருள் இருக்கிறதல்லவா, அதில் புதிதாக ஒன்றைச் செய்தால், கம்பெனிக்காரர்கள் கடைக்கு விடுவதற்கு முன்னால் வெந்ததும் வேகாததுமாக விருப்பப்பட்டவர்களிடம் கொடுத்து, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். அந்த அரைவேக்காட்டுக்குப் பெயர்தான் பீட்டா. இணையத்தில் கேட்டால் யாருக்கும் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் அண்ணனைப் பொறுத்தவரை அது உத்தியோகம்.

"வெளிநாட்டுக்காரன் நம்மள நம்பி அனுப்புறான். சும்மா வச்சிக்கிட்டு இருக்க முடியுமாங்க?" என்பார்.

அவர் டீ பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடிக்குப் பொறுப்பாக இருந்தார். சரியாக வாடாத கொழுந்தை யார் சொன்னாலும் கீழே அரைக்க அனுப்பமாட்டார். அதே கண்டிப்பு வீட்டிலும் இருந்தது. மற்ற ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் சோதனைக்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார்களாம். அண்ணனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. வயர் வழியாக இணையம் வந்த வீடும் அவருடையது ஒன்றுதான். அதனால் அவர் சோதித்ததெல்லாம் எங்கள் எல்லாருக்கும் சோதனையாகவே இருந்தது.

புதுப் பதிப்பு வந்துவிட்டால் உடனே ஏற்றமாட்டார். முதலில் கலண்டரில் நல்ல நேரம் பார்ப்பார். பெட்டிக்கு விபூதி பூசி, கற்பூரம் காட்டி, பிறகுதான் மௌஸைத் தொடுவார். ஒருமுறை தொண்ணூற்றொன்பது சதவீதம் ஏறியிருந்தபோது எமகண்டம் பிறந்துவிட்டது. அண்ணன் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பெட்டி செத்துப் போயிற்று.

"நல்லவேளை," என்றார் பெருமூச்சுடன். "எமகண்டத்துல முடிஞ்சிருந்தா என்னா ஆகியிருக்கும்!"

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துத்தான் மலைக்கு அனுப்புவார்கள். அண்ணன் அதே மாதிரி தினமும் காலையில் கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுப்பார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அடுப்படியில் இருக்கும் மனைவி சாந்தி அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார்.

"பிரிண்டர் இன்னைக்கும் வரல்ல! சத்தம் லேட்டா வந்திருக்கு, அரைப்பேருதான் போடணும், அரைநாள் சம்பளந்தான்! கேமரா வந்திருக்கு, ஆனா தலைகீழா நிக்குது!"

"அதுங்கள வேலைய விட்டு நிப்பாட்டுங்க. நீங்க வந்து தேங்காயைத் துருவுங்க," என்பார் சாந்தி அக்கா.

கண்ட குறைகளை எல்லாம் அன்றன்றே கம்பெனிக்கு எழுதிவிடுவார். தமிழில்தான் எழுதுவார். 'ஐயா, இந்தத் தடவை வந்தது வாட்டம் பத்தாது. பச்சை வாசனை அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் காத்தாட விட்டு அனுப்பவும்.' இதைப் படித்த வெளிநாட்டுக்காரர் என்ன செய்திருப்பார் என்று நினைக்க எனக்குப் பாவமாக இருக்கும். ஆனால் மறுநிமிடமே நன்றி சொல்லி ஒரு பதில் வந்துவிடும். அது இயந்திரம் தானாக அனுப்புவது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "தொரையே நன்றி சொல்லியிருக்காரு, உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டார்.

இந்த மனிதரின் கையில்தான் என் அக்காவின் கல்யாணம் போய் மாட்டியது.

அக்கா கோமதி, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வருடக்கணக்காக அலைந்து அப்போதுதான் நியமனம் கிடைத்திருந்தது. பூண்டுலோயாவிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவும் மாமாவும் பெண் பார்க்க நேரில் வருவார்கள், மாப்பிள்ளை வீடியோவில் பார்ப்பார் என்று ஏற்பாடு. எல்லாம் நல்லதுதான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட்டு, பூண்டுலோயாவில் மாமியாருக்குத் துணையாக இருக்கவேண்டும் என்று அந்த மாமா சொல்லியனுப்பியிருந்தார். அப்பா தலையை ஆட்டிவிட்டார். அப்பாவுக்கு எதிரே வாய் திறந்து பழக்கமில்லாத அக்கா, ஒரு வாரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பீட்டா அண்ணனிடம் போய்க் கெஞ்சினார். "தம்பி, ஞாயித்துக்கிழமை ஒருநாளைக்கு மட்டும் புதுசா ஒன்னும் ஏத்திறாதீங்க."

"சாமி சத்தியமா தொடமாட்டேண்ணே!"

அவர் தொடவில்லை. அதுவே ஏறிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போனபோது திரை புது நிறத்தில் பளபளத்தது. அண்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பட்டுச்சேலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். மணி அடித்தது. திரையில் மாப்பிள்ளையின் நெற்றி மட்டும் தெரிந்தது. அது மெதுவாகக் கீழே இறங்கி மூக்கு வரப்போகிற நேரத்தில் திரை கறுத்தது. சத்தமும் போய்விட்டது. மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

"அடடா, இது புதுசுங்க! இதுக்கு முன்னாடி இப்புடி வந்ததே இல்ல!" என்றார் அண்ணன். லொத்தரில் பரிசு விழுந்தவர் குரல் அது. அப்பா அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சாந்தி அக்கா நிலைமையைப் புரிந்துகொண்டு, "வாங்க, அதுக்குள்ள சூடா வடை சாப்பிடலாம்" என்று எல்லாரையும் முன் அறைக்கு அழைத்துப் போனார். அப்பாவும் போனார். அண்ணன் வயர்களைப் பார்க்க மேசைக்கடியில் நுழைந்துகொண்டார். அக்காவும் நானும்தான் திரைக்கு முன்னால் இருந்தோம்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா."

"ஏன் சும்மா இருக்கணும்? நாய் மாதிரி அலைஞ்சு வாங்குன வேலை. அத விட்டுட்டுப் பூண்டுலோயாவுல போயி ஒக்காரணுமாம். அவரு கட்டார்ல இருப்பாராம். அப்ப நான் கட்டிக்கப்போறது யார, மாமியாரையா?"

"மெதுவா!"

"யாருக்குக் கேக்கப்போகுது? மைக்குத்தான் செத்துக் கெடக்கே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு போட்டோவப் பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியறாரு. எனக்குப் புடிக்காம இல்ல. புள்ளைங்கள விட்டுட்டு வரமுடியாதுன்னு அவருக்கிட்ட நேராச் சொல்லிறலாம்னு வந்தேன். வாயத் தொறக்குறதுக்குள்ள இந்தப் பாழாப்போன பெட்டி..."

மேசைக்கடியில் அண்ணன் எதையோ பிடுங்கி எதையோ செருகினார். ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"டீச்சர்... எல்லாம் கேட்டுச்சிங்க."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சிவப்புக் கோடு போட்ட மைக், முதலிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது.

"வேலைய விட வேணாங்க," என்றது கறுப்புத் திரை. "நான் அடுத்த வருசம் ஊருக்கே வந்துருவேன். லிந்துலையிலேயே வீடு பாத்துக்கலாம். அம்மாவக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா வடையோடு ஓடிவந்தார். பின்னாலேயே மாமாவும் அப்பாவும் வந்தார்கள். மகன் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தொணைக்கு ஆள் வேணும்னு நான் எப்பய்யா கேட்டேன்? எனக்கென்னா கையி காலு வெளங்காமயா கெடக்கு? டீச்சர் மருமக வர்றான்னு லயத்துச் சனத்துக்கெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன், வேலைய விடவா சொன்ன?"

மாமா வடையைக் கடித்துக்கொண்டார். அப்பா அக்காவைப் பார்த்தார். "இத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். இத்தனையும் முடியும்வரை அண்ணன் மரியாதைக்காக மேசைக்கடியிலேயே குந்தியிருந்தார். கடைசியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கல்யாணம் நடந்தது. அக்கா இன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள்.

பந்தியில் அண்ணனுக்குப் பாயசம் ஊற்றியபோது கேட்டேன். "அண்ணே, அந்த மைக் விசயத்தக் கம்பெனிக்கு எழுதுனீங்களா? என்னா நன்றி சொன்னாங்க?"

"எழுதலியே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐகான் ஒரு நூல் தள்ளி நின்றதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதர் இவர்.

"ஏன்ணே?"

அண்ணன் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, மணவறையில் சிரித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"நான் கொறைய மட்டுந்தான் எழுதுவேன், தங்கச்சி. அதுல என்னா கொறை இருந்திச்சி?"

பீட்டா அண்ணனை யாராவது கேலி பேசினால் அன்றிலிருந்து எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. நான் பேசலாம். மற்றவர்கள் பேசக்கூடாது.