ஸ்டாக்ஹோம் யாருக்கு?

"வெரோனிகாவா? ஸ்டாக்ஹோமுக்கா?"

திங்கட்கிழமை காலை ரெங்கசாமிக்குக் குடித்த டீ கசந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய அந்தச் சின்ன ஆய்வு மையத்தில், எந்தெந்த நாட்டு அரசாங்கம் எப்படித் தன் கதவை மக்களுக்குத் திறந்தது என்று பதினோரு வருடமாக எழுதுபவர் அவர். வெரோனிகா வந்து இரண்டே வருடம். அங்கே நடக்கும் அனைத்துலக மாநாட்டுக்கு அவளா?

நேரே இயக்குநர் லீலாவிடம் மனுவோடு போனார். "மேடம், ஸ்வீடன்ல 1766லயே அரசாங்கக் காகிதத்தை ஜனங்க பார்க்கலாம்னு சட்டம். நம்ம ஆபீஸ்ல மாநாட்டுக்கு ஆள் எடுக்கப் போட்ட மார்க்கைக்கூடக் காட்ட மாட்டீங்களா?"

"நியாயம்தான்" என்ற லீலா, மார்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். வெரோனிகா 81. ரெங்கசாமி 80.

ஒரே ஒரு மார்க்! அன்றிரவு அவர் தூங்கவில்லை.

மறுநாள் இரண்டாவது மனு. "இந்தியாவுல பத்து ரூபா கட்டினா யாரும் தகவல் கேட்கலாம். அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

காரணமும் பலகைக்கு வந்தது. 'ரெங்கசாமி: அறிவாளி. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.'

அலுவலகமே நின்று படித்தது. புதன்கிழமை, அதை எடுக்கச் சொல்லி மூன்றாவது மனு.

"எடுக்க முடியாது லா" என்றார் லீலா. "பிரிட்டன்ல பல ஆபீஸ்ல ஜனங்க கேட்ட கேள்வியையும் சேர்த்து வெளியிடுறாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?"

அவருடைய மனுக்களும் பலகை ஏறின. முதல் மனுவின் கடைசி வரியை வெரோனிகா உரக்கப் படித்தாள்: "'ஆங் மோ கியோ வட்டாரத்தைத் தாண்டாதவருக்கு ஐரோப்பாவில் என்ன வேலை?'" பிறகு சிரித்துக்கொண்டே ஹேன்ட்போனில் படம் பிடித்தாள்.

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்புதான் அவரை எரித்தது. மார்சிலிங் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் பனிமலை விளம்பரத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை நான்காவது மனு. "பிரேசில்ல ஒரு ஊர்ல பட்ஜெட்டையே ஜனங்க கூடி முடிவு பண்ணினாங்க. ஓட்டு வைங்க மேடம்!"

வைத்தார்கள். ஒன்பது பேரில் ரெங்கசாமிக்கு விழுந்தது ஒரு ஓட்டு. அது அவர் போட்டது.

வெள்ளிக்கிழமை மாலை, தலை குனிந்தபடி கிளம்பியவரை வரவேற்பு மேசையிலிருந்த சாயிரா பானு நிறுத்தினாள்.

"கங்கிராட்ஸ் சார்!"

"என்னைக் கிண்டல் பண்றியா?"

"இல்ல சார், நெஜமா! மாநாட்டுல படிக்க ஒரு விஷயமும் கிடைக்கலன்னு, வெரோனிகா அக்கா திங்கட்கிழமையே இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்து லெட்டர் டைப் பண்ணி வச்சிருந்தாங்க. இப்பதான் கிழிச்சுப் போட்டாங்க. உங்க நாலு மனுவை வச்சே கட்டுரை முடிஞ்சிருச்சாம்!"