வாளிக் கழகத்தின் முதலாம் ஆண்டறிக்கை

மனித குலத்தின் ஈடேற்றம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இருக்கிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டவுன் குலசேகரம்தான். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாகவும் தலைமைக் குமாஸ்தாவாகவும் இருந்து, 1983-இல் ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த உண்மை அவருக்கு வெளிச்சமானது. உடனே ‘எளிய வாழ்வு மேம்பாட்டுக் கழகம்’ பிறந்தது. தலைவர் அவரேதான். உறுப்பினர்கள் பதினொரு பேர். எல்லாரும் ஓய்வு பெற்ற ஆண்கள், எல்லாரும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர்கள்.

துணி துவைக்கும் இயந்திரம் மனிதனைச் சோம்பேறியாக்கும், கையால் துவைத்தால் உடலுக்கு உறுதி, உள்ளத்துக்கு அமைதி என்பது கழகத்தின் கொள்கை. குலசேகரம் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அதை விளக்குவார். பின்கட்டில் அவர் மனைவி யோகலட்சுமி அதைத் தேய்த்து, அலசி, பிழிந்து, கஞ்சி போட்டுக்கொண்டிருப்பாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் வேலை பார்த்த மகள் குணவதி, அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்து ஒரு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினாள். தலைவர் வீட்டிலேயே இயந்திரமா? குலசேகரம் அதை வாசலோடு திருப்பி அனுப்பினார். லாரிக்காரருக்கும் எளிய வாழ்வைப் பற்றிப் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னார். பாவம், அந்த மனிதர் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டே கேட்டார்.

“அப்பா, அம்மா இனிமே துணி பிழியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருலா,” என்றாள் குணவதி.

“டாக்டருக்கு நம்ம கழகத்தைப் பத்தித் தெரியாதும்மா,” என்றார் குலசேகரம் கனிவோடு.

ஒன்பது மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. முதலாம் ஆண்டுக் கூட்டம் வந்தது. தலைவர் ஆண்டறிக்கைக்கு இரண்டு வரி சொல்லுவதற்குள் களைத்துப்போய், மீதியை ‘வழக்கம்போல்’ எழுதிவிடும்படி மனைவியிடம் விட்டுவிட்டார். அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. வலிக்கிற கையோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள்.

“ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு சைன் பண்ணுங்க.”

“முப்பத்திரண்டு வருசம் கவர்மென்ட்ல இருந்தவன் நான். சைன் பண்றதையெல்லாம் படிச்சிக்கிட்டு இருந்தா ஆபீஸ் நடக்குமா?”

கூட்டத்துக்கு மனைவிமார்களும் வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருந்தார்கள். குலசேகரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தலைமைக் குமாஸ்தாவின் குரலில் வாசித்தார்.

“இவ்வாண்டு தலைவர் இல்லத்தில் கையால் துவைக்கப்பட்ட துணிகள், இரண்டாயிரத்து நாற்பது. அவற்றுள் தலைவர் துவைத்தது, ஏதுமில்லை. தலைவரின் துணைவியாருக்கு மணிக்கட்டு வீங்கியுள்ளது. ஆகவே நாளை முதல் இம்மேன்மையான பணியைத் தலைவரே நேரில் ஏற்று நடத்துவார் எனப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

கடைசி வரியில்தான் அவர் குரல் தடுமாறியது. அதற்குள் பின்வரிசைப் பெண்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். சத்தத்தில் விழித்துக்கொண்ட செயலாளர் ஐயாத்துரை வழக்கம்போல் வழிமொழிந்தார். அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டு, கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறியது. தலைமைக் குமாஸ்தா உயிரை விட்டாலும் விடுவார், குறிப்பேட்டில் ஏறியதை அடிக்க மாட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, குலசேகரம் தமது வாழ்நாளில் முதன்முறையாக வாளி முன் குந்தினார். சோப்புப் பெட்டி எங்கே என்று கேட்டார். சட்டைக் கழுத்தை எந்தப் பக்கம் தேய்ப்பது என்று கேட்டார். நனைந்த வேட்டியைப் பிழியப் போனார், வேட்டிதான் அவரைப் பிழிந்தது. மூன்றாவது துணியோடு எழுந்து, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மகளின் பாக்டரிக்குப் போன் போட்டார்.

அன்று மாலையே வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. கழகமும் அவசரமாகக் கூடி, ‘நவீன வசதியே மனிதாபிமானத்தின் அடையாளம்’ என்று கொள்கையைத் திருத்திக்கொண்டது. மனைவியின் கஷ்டம் பொறுக்காத தலைவரின் இளகிய மனத்தை எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஒன்பது மாதம் வீங்கிக் கிடந்த கைக்கு வராத இயந்திரம், கால்மணி நேரம் வலித்த கைக்கு வந்துவிட்டதே.