அக்கரைப் பால்கனி

தன் வீட்டுப் பால்கனியில் யாரோ ஒருவன் பனியனோடு உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பதை எக்ஸ்ரே சார் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். அவன் இன்னும் அங்கேதான் இருந்தான். வழுக்கைத் தலை, வெள்ளைப் பனியன், கையில் டம்ளர். பக்கத்தில் கொடியில் இன்னொரு பனியன் தொங்கியது. அது காலையில் அவரே துவைத்துக் காயப்போட்டது.

தொலைநோக்கிக்குக் காவலாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணி, போட்ட டோக்கனுக்கு நேரம் முடியப்போகிறது, ஏதாவது தெரிந்ததா என்று விசாரித்தார்.

"என் வீடு தெரியுது" என்றார் எக்ஸ்ரே சார். "ஆனா அதுல வேற யாரோ இருக்காங்க."

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் எக்ஸ்ரே எடுத்ததில் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. வேலை நாட்களில் மனிதர்களோடு அவர் பேசியதெல்லாம் மூன்றே வாக்கியங்கள்தான். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க. மற்ற பேச்சுகளை மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு, வெளிநாட்டில் இருந்த மகள் இந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு வாங்கி அவரைக் குடிவைத்தாள். ஆற்றைப் பார்த்த வீடு, பொழுது போவதே தெரியாது என்றாள். பொழுது போவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தினமும் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து அது போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கரையில் பழைய நகரம் இருந்தது. பெரிய பெரிய தூண்கள் வைத்த சுங்க மாளிகை, பாசி படிந்த கல்படிகள், தன் இஷ்டத்துக்கு மணி காட்டும் மணிக்கூண்டு. விளக்கு போட்டதும் அங்கே ஜனங்கள் ஜோடி ஜோடியாகவும் குடும்பம் குடும்பமாகவும் நடப்பார்கள். உலகத்தின் சந்தோஷமெல்லாம் அந்தக் கரையில்தான் குடியிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ இருமும் சத்தம் மட்டும் அவ்வப்போது வரும். நல்ல நெஞ்சுச்சளி, இடது பக்கம் என்று மனசுக்குள்ளேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளின் நச்சரிப்புத் தாங்காமல் படகு ஏறி அந்தக் கரைக்கே வந்துவிட்டார். வந்து பார்த்தால், அங்கிருந்த கூட்டம் முழுக்கச் சுங்க மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே வானத்தைத் தொட்டு நின்ற கண்ணாடிக் கட்டடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதாவது, அவர் வீட்டை. கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா, நீங்களும் படத்தில் விழுகிறீர்கள் என்று ஓர் இளம் ஜோடி அவரிடம் கேட்டது. தள்ளி நின்றார். தள்ளி நின்ற இடத்தில்தான் அந்தத் தொலைநோக்கி இருந்தது.

உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் நாலாவது மாடி. மாடிக்கு இரண்டு பால்கனி, இடது பக்கம் தன்னுடையது. அங்கே வழுக்கைத் தலை.

அவர் முதலில் தன் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டார்.

"என் வீட்டுல யாரோ பூந்துட்டாங்கப்பா. பால்கனியில உட்கார்ந்து டீ குடிக்கிறான்."

காவலாளி எந்த வீடு என்று கேட்டான். சொன்னார்.

"அந்த வீட்டுல ஆள் இருக்காங்களா சார்?"

"நான்தான்யா இருக்கேன். நான் இங்க இருக்கேன். அங்க இருக்கறது நான் இல்ல."

இதைப் புரிந்துகொள்ள அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மேலே போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவனே அழைத்தான். கதவு பூட்டித்தான் இருக்கிறது, வேறு வழியாகப் பார்க்கிறேன் என்றான். எக்ஸ்ரே சார் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. தொலைநோக்கிப் பெண்மணி இரண்டாவது டோக்கனைப் போட்டுக்கொடுத்தார்.

பால்கனியில் காக்கிச் சட்டை தெரிந்தது. வழுக்கைத் தலை எழுந்து நின்று அவனுக்கு வழிவிட்டான். ஓடவில்லை, ஒளியவில்லை. போன் அடித்தது.

"சார், பால்கனியிலதான் நிக்கிறேன். நல்லா பாத்துட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல."

"உன் பக்கத்துலயே நிக்கிறான்யா. வழுக்கைத் தலை, பனியன், கையில டம்ளர்" என்று எக்ஸ்ரே சார் போட்ட சத்தத்தில், தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பக்கத்துல திருடன் யாரும் இல்ல சார்" என்றான் காவலாளி, மிகவும் பொறுமையாக.

எக்ஸ்ரே சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கைத் தலை அவசரமாக உள்ளே போனான். திரும்பி வந்தபோது கட்டம் போட்ட சட்டை ஒன்றை மாட்டியிருந்தான். கையில் இப்போது இரண்டு டம்ளர். ஒன்றைக் காவலாளியிடம் கொடுத்தான். காவலாளி வாங்கிக்கொண்டான்.

"என் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டான்" என்றார் எக்ஸ்ரே சார். "என் டீத்தூளை எடுத்துக் காவலாளிக்கே லஞ்சம் குடுக்குறான்."

பெண்மணி தன் முறைக்கு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "ஆளப் பாத்தா திருடன் மாதிரி தெரியலயே" என்றார். திருடன் மாதிரி தெரிந்தால் அவன் எப்படிப் பிழைப்பான் என்று வரிசையில் நின்ற ஒருவர் நியாயம் பேசினார்.

காவலாளியே கூட்டாளி ஆகிவிட்ட பிறகு செயலாளரைத்தான் கூப்பிட வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால், எக்ஸ்ரே சார் இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை என்பதை எடுத்துச் சொன்னார். வருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் மாடியேறச் சம்மதித்தார்.

சற்று நேரத்தில் பால்கனியில் செயலாளரின் தொப்பை முதலிலும் செயலாளர் பிறகும் தோன்றினார்கள். வழுக்கைத் தலை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். செயலாளர் உட்கார்ந்தார். அவர் கைக்கும் ஒரு டம்ளர் வந்தது.

போனில் செயலாளர் கம்பீரமாகப் பேசினார். முழுமையாகப் பரிசோதித்தாகிவிட்டது, சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை, ஆனாலும் கண்காணிப்பு தொடரும் என்றார்.

"கையில என்ன டம்ளர்?" என்றார் எக்ஸ்ரே சார்.

செயலாளர் திடுக்கிட்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். போன் துண்டானது. டம்ளர் மட்டும் கீழே இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் மகளை அழைத்தார். அவள் பதறிப்போனாள். படபடப்பு வேண்டாம், மாத்திரை போட்டீங்களா, உட்காருங்க என்றாள். பிறகு ஒரு சேதி சொன்னாள். அவளோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி அதே கட்டடத்தில், ஏழாவது மாடியில்தான் இருக்கிறாளாம். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்ப்பா. போய்ப் பாக்கறேன் பாக்கறேன்னுதான் நீங்களும் சொல்லிட்டிருக்கீங்க."

தோழி தனியாகப் போகப் பயந்து மாமியாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் வெறுங்கையோடு போகாமல் ஒரு தட்டு நிறைய எதையோ எடுத்துக்கொண்டு போனார். துணை விஷயம் மகள் போனில் சொன்னது, தட்டு பால்கனியில் அவர்கள் வந்து நின்றபோது எக்ஸ்ரே சார் தன் கண்ணால் கண்டது. திருடனைப் பிடிக்கப் போகிறவர் தட்டு எதற்கு எடுத்துப் போகிறார் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

தோழி தொலைபேசியில் மகளிடம் சொல்ல, மகள் இவரிடம் சொன்னாள். வீடு பத்திரமாகத்தான் இருக்கிறதாம், எல்லாரும் அங்கேதான் காவலுக்கு இருக்கிறார்களாம், நீங்க நிதானமா வாங்க.

அதற்கப்புறம் அவருக்குக் கூப்பிட ஆளே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் கையை ஆட்டி ஏதோ கதை சொல்கிறார். காவலாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். மாமியார் தட்டை நீட்டுகிறார். தோழி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்க்கிறாள். வழுக்கைத் தலை உள்ளேயும் வெளியேயுமாக ஓடி ஓடி எல்லாருக்கும் ஊற்றுகிறான். சத்தம் கேட்கவில்லை. இத்தனை தூரத்திலிருந்து சிரிப்பு மட்டும் தெரிந்தது.

அந்த வீட்டில் அவர் குடிவந்த நாளிலிருந்து குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவனைத் தவிர யாரும் அந்தப் பால்கனியில் கால் வைத்ததில்லை.

"என் பால்கனி இவ்வளவு பெருசுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

பெண்மணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த டோக்கனை வரிசைக்காரருக்குக் கொடுக்காமல் இவருக்கே போட்டுவிட்டு, "பாருங்க சார், இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க" என்றார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.

வெளிச்சம் மங்கி, பால்கனியில் உருவங்கள் நிழலாக ஆனபோதுதான் அவர் படகுத் துறைக்கு இறங்கினார். படகில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருடனிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தார். யாருடா நீ? எப்படிடா உள்ளே வந்தே? பாதி ஆறு தாண்டுவதற்குள் கேள்விகள் மாறிப்போயின. போவதற்குள் கலைந்துவிடுவார்களோ? எனக்கும் ஒரு டம்ளர் மிச்சம் வைத்திருப்பார்களா?

லிப்டை விட்டு இறங்கினார். அவர் வீட்டுக் கதவு, அவர் பூட்டியபடியே பூட்டிக் கிடந்தது. திறந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. அவர் காலையில் கவிழ்த்து வைத்த ஒற்றை டம்ளர் சமையலறை மேடையில் கவிழ்ந்தே இருந்தது. பால்கனிக்கு ஓடினார். நாற்காலி காலி. கொடியில் பனியன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மூச்சை இழுத்தார். பிடித்தார். விடுவதற்குள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பினார். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் பால்கனியில், செயலாளர், காவலாளி, தோழி, மாமியார், கட்டம் போட்ட சட்டையில் வழுக்கைத் தலை. அந்தக் கொடியிலும் ஒரு பனியன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் நின்று ஆற்றைப் பார்த்தால்தான் அவர் வீடு இடது பக்கம். ஆற்றங்கரையில் நின்று வீட்டைப் பார்த்தால் அது வலது. ஆயுசு முழுக்க ஒவ்வொரு படத்திலும் இடது எது வலது எது என்று குறிபோட்ட மனிதர், சொந்த வீட்டில் கோட்டைவிட்டிருந்தார். பூட்டிய கதவைத் திறக்க முடியாமல், எட்டிப் பார்ப்பதற்காகத்தான் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

"சார் வந்துட்டார்" என்று காவலாளி எழுந்து நின்றான். கண்ணை எடுக்காமல் இந்தப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் ஒருத்தனும் வரவில்லை என்றும் செயலாளர் அறிக்கை கொடுத்தார். தோழி, "அங்கிள், பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளை முதன்முதலாக நேரில் பார்த்த எக்ஸ்ரே சாருக்குத் தன் மகளையே பார்த்தது போல் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ஐந்து முகங்களும் அக்கறையாக அவரையே பார்த்தன.

"ஓடிட்டான் போலிருக்கு" என்றார்.

இனி பயமில்லை, எதுவானாலும் ஒரு குரல் கொடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னதைச் செயலாளர் ஞாபகப்படுத்தினார். மாமியார் தட்டில் மிச்சமிருந்ததைச் சுவருக்கு மேலே நீட்டி அவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சமையல், குழந்தைகள், கேட்டில் ஆளில்லை என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலை மட்டும் மிஞ்சினார். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். கப்பல் முழுக்கச் சமைத்த கைக்கு ஓர் ஆள் அளவுக்கு டீ போடவே வரவில்லை, தினமும் பாதியைக் கொட்டத்தான் வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரை நிரப்பிச் சுவர்மேல் வைத்தார். இருமினார். நெஞ்சுச்சளிதான், ஆனால் வலது பக்கம்.

எக்ஸ்ரே சார் டம்ளரை எடுத்துக்கொண்டார். எதிர்க்கரையில் விளக்குகள் எரிந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். மனசாட்சி உறுத்தியதில் அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் திருடன் விஷயத்துல..."

"தெரியும் சார்" என்றார் சமையல்காரர், ஆற்றைப் பார்த்தபடியே. "வழுக்கைத் தலை, பனியன், கையில டம்ளர்னு நீங்க போன்ல கத்தினப்பவே தெரிஞ்சுபோச்சு, திருடன் நான்தான்னு. சொல்லியிருந்தா எல்லாரும் எழுந்து போயிருப்பாங்களே."