வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்

நீங்கள் நீட்டிய ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் டியூப்லைட்டைப் பார்க்கிறாரே, அந்த இனத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஊருக்கு ஒருவராவது இருப்பார். கள்ள நோட்டைப் பிடிக்கவே பிறந்தவர். இதுவரை ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

சிவகாசியில் பட்டாசு டப்பாக்களுக்கு லேபிள் அச்சடிக்கும் ராஜபாண்டியன் இந்த இனத்தில் முதல் தரம். நோட்டை வாங்கியதும் சொடுக்குவார்; காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்பார்; ஓரத்துக் கோடுகளைக் கட்டைவிரலால் வருடி, வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே மறைந்திருக்கும் காந்தியைத் தேடி, பச்சை இழை நீலமாக மாறுகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, இத்தனைக்கும் பிறகு "ம்ம்..." என்று அரைமனதோடுதான் கல்லாவில் போடுவார். "எத்தனை வருசமா மையிலயும் பேப்பர்லயும் பொழங்குதேன். என்னை ஏமாத்த முடியுமா?" யார் ஏமாற்ற வந்தார்கள்? பத்து ரூபாய் நாணயம் என்றால் கேட்கவே வேண்டாம். "இதுல பத்துக் கோட்டுக்குப் பதிலா பதினஞ்சு கோடு இருக்கு. செல்லாது." எல்லா வகை நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறதே என்றால், "அவக அப்படித்தான் சொல்லுவாக" என்பார். அவருக்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்டவரை மொய் மேசையில் உட்கார வைக்கலாமா? அவருடைய தங்கை சொர்ணலட்சுமிக்கு வேறு வழியில்லை. அவளுடைய புது வீட்டுப் பால்காய்ப்பு; நம்பிப் பணம் வாங்கிப் போட வேறு ஆளில்லை. அவள் மகளின் மாமனார், விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஜெயச்சந்திரன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வருகிறார். கல்யாணப் பந்தியில் தன் இலைக்குப் பாயசம் வரவில்லை என்று மாதக்கணக்கில் பேசாமல் இருந்த மனிதர். இப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சம்பந்தி முன்னாடி மட்டும் நோட்டைத் தூக்கிப் பாத்திராதீக."

"எனக்குத் தெரியாதா தாயி?"

சம்பந்தி வந்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை விசிறிபோல விரித்துக் கொடுத்தார். ராஜபாண்டியன் கையை அடக்கிக்கொண்டு எண்ணினார். நடுவில் ஒரு தாளில் விரல் நின்றுவிட்டது. ஓரத்துக் கோடு விரலில் தட்டவில்லை, வழவழவென்று இருந்தது. வரிசை எண்ணைப் பார்த்தார். சிறிதாகத் தொடங்கிப் போகப் போகப் பெரிதாக வேண்டிய இலக்கங்கள் ஒரே அளவில் நின்றன.

சந்தேகமே இல்லை. ஆயுசு முழுக்கத் தேடியது கையில் இருக்கிறது! சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, நிப்பாட்டிட்டீக?" சம்பந்தி சிரித்தார். "நோட்டுப் பாக்கதுல நீங்க பெரிய ஆளாம்ல. நல்லாத் தூக்கிப் பாத்துச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்மில்க் தட்டோடு வந்த தங்கை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ராஜபாண்டியன் நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. சந்தையில் யாரோ அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"உங்க கையால வந்ததைப் போயிப் பாக்கவா? அம்புட்டும் அசலு."

வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நோட்டை அசல் என்று சொன்னார். அதுதான் போலி.

சம்பந்தி குளிர்ந்துபோய் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராஜபாண்டியன் மொய்ப் பையில் தன் சொந்த ஐந்நூறைப் போட்டுவிட்டு, போலியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் தியாகி. மறுநாள் காலையில் அந்த ஐந்நூறு உறுத்தத் தொடங்கியது. போலி நோட்டு வந்தால் வங்கியில் கொடுத்துவிட வேண்டும், முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் திரும்பி வராது, தெரிந்தே அடுத்தவரிடம் தள்ளினால் ஜெயில் என்றெல்லாம் ஊருக்கு வகுப்பெடுத்தவர் அவர்தான். ஆனால் இது அவருடைய ஐந்நூறு ஆயிற்றே!

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நல்ல கூட்டம். ஐந்நூறுக்குப் போடச் சொல்லி, நோட்டை நாலாக மடித்து நீட்டினார். அங்கே வேலை பார்க்கும் பெண் அதைப் பிரிக்கக்கூட இல்லை; அப்படியே பைக்குள் போடப் போனாள்.

தப்பித்தாயிற்று. வண்டியைக் கிளப்ப வேண்டியதுதானே? முடியவில்லை. ஐந்நூறு ரூபாயை ஒருத்தி பார்க்காமல் வாங்குவதை அவரால் எப்படித் தாங்க முடியும்? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, இப்படியா பாக்காம வாங்குவே? தூக்கிப் பாரு!"

அவள் பிரித்துத் தூக்கிப் பார்த்தாள். சாய்த்தும் பார்த்தாள்.

"ஆத்தாடி! நல்லவேளை சொன்னீக அண்ணாச்சி. வேற நோட்டு குடுங்க."

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். ராஜபாண்டியன் நல்ல நோட்டைக் கொடுத்துவிட்டு நேரே வங்கிக்குப் போனார். காசாளர் போலியில் முத்திரை குத்தி, ரசீதை நீட்டி, "யாரு குடுத்தாக சார்?" என்றார். "கூட்டத்துல யாரோ." வெளியே வந்தவர், அந்த ரசீதையும் ஒருமுறை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் யார் நோட்டையும் தூக்கிப் பார்ப்பதில்லை, பெருந்தன்மையான மனிதர். அப்படியானால், இருட்டான டீக்கடைக்கோ அவசரத்தில் இருக்கும் கண்டக்டருக்கோ என்று பர்ஸின் உள்ளறையில் தனியாக மடித்து வைத்திருக்கிறீர்களே, அது என்ன நோட்டு?