பெட்டியும் ஆசியாவும் ஷேக் தாவூதும்

ஷேக் தாவூது ஆசியாவைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். முழு ஆசியாவையும் இல்லை. பினாங்கு, சிங்கப்பூர், பாங்காக். மீதி ஆசியா பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மனுஷர் இப்படி வீம்பு பிடித்ததற்குக் காரணம் இருந்தது. திருச்சி பெரிய கடை வீதியில் அவருக்கு இரும்புப் பெட்டிக் கடை, பின்கட்டிலேயே வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறவன் எவனாயிருந்தாலும் முதலில் அவர் கடைப்படி ஏறுவான். போனவன் இரண்டு வருஷம் கழித்து அதே பெட்டியோடு வருவான். "மூடி நசுங்கிப் போச்சு பாய், கொஞ்சம் தட்டிக் கொடுங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். பினாங்கிலே ரயில் மலைமேல் ஏறுது பாய். பாங்காக்கிலே ஒரு புத்தர் படுத்திருக்கார் பாய், உங்க கடைவீதி நீளத்துக்கு. இப்படி அவன் அளந்துகொண்டே இருப்பான். தாவூது சுத்தியலால் தட்டிக்கொண்டே 'உம்' கொட்ட வேண்டும். அவர் விற்ற பெட்டிகள் பார்க்காத ஊர் கிடையாது. அவர் பார்த்த வெளியூர் லால்குடி. அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தி முடிந்ததும் திரும்பியாச்சு.

"பெட்டிக்கு இருக்கிற கொடுப்பினைகூட எனக்கு இல்லையா?" என்று ஒருநாள் காலையில் இடியாப்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினார். "போறேன். மூணு மாசம். தனியா!"

மனைவி ஷரீபா தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். அதுக்கு வேற அர்த்தம் இருக்கா?"

"அப்ப நான்?"

"நீ எதுக்கு?"

"எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குங்க. கடலைக்கூட நான் பாத்ததில்லை."

"கடல்ல என்ன இருக்கு? தண்ணி! காவிரியிலேயும் அதே தண்ணிதான். போய்ப் பாத்துக்க."

"காவிரிக்குத்தான் எப்பக் கூட்டிட்டுப் போனீங்க?"

இப்படி மடக்கிவிட்டால் தாவூது தத்துவம் பேசுவார்.

"இங்க பாரு ஷரீபா. பொம்பளை கூட வந்தா ஊர் பாக்க முடியாது. பொம்பளை வந்தா சாமான் வரும். சாமான் வந்தா அதுக்குக் காவல் வேணும். ரெண்டு பேர் போனா ஒருத்தர் சாமானோட உக்காரணும், ஒருத்தர்தான் ஊர் பாக்கணும். இது உலக நடப்பு. பாவம், நீ போற இடமெல்லாம் பெட்டிமேலே உக்காந்திருப்பே. உனக்குக் கால் மரத்துப் போகுமேன்னுதான் சொல்றேன்."

ஷரீபா ஒன்றும் பேசவில்லை. அவள் சண்டை போட்டால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் ஆபத்து. இது தாவூதுக்கு நிக்காஹ் ஆன மறுமாசமே தெரிந்த சமாசாரம். ஆனால் அன்றைக்கு இடியாப்ப ருசியில் மறந்துவிட்டார்.

மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"போறதுதான் போறீங்க. ஒரு ஒத்திகை பாத்துக்கிட்டா என்ன?"

"என்ன ஒத்திகை?"

"பினாங்குக்குக் கட்டற மாதிரி பெட்டியைக் கட்டுங்க. நான் கை வைக்கமாட்டேன். சோறு மட்டும் ஆக்கித் தர்றேன். வெளியூர்க்காரர் மாதிரி நம்ம ஊரை ஒருநாள் சுத்திப் பாருங்க. மலைக்கோட்டை, காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம். சாயங்காலம் வந்து, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. சொல்லிட்டா தனியாப் போயிட்டு வாங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"சொல்லலேன்னா?"

"நானும் வருவேன்."

தாவூது சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடைக்கடை அழகிரி எட்டிப் பார்த்தார். அவரையே சாட்சியாக வைத்துப் பந்தயம் முடிவாயிற்று.

"பாய், அம்மா தானா வந்து பந்தயம் கட்டுறாங்களே, கொஞ்சம் யோசிங்க" என்றார் அழகிரி.

"யோவ், பொறந்து வளர்ந்த ஊரைச் சுத்திப் பாக்க எனக்கு யோசனை வேணுமா? நீ உன் குடையைப் பாரு!"

ஊரில் பாதிப் பேருக்குப் பெட்டி விற்றவர்தான். ஆனால் ஒரு பெட்டியிலாவது ஒரு துணியை மடித்து வைத்தவர் இல்லை. அன்றைக்கு அவரே அடுக்கினார். ஜமக்காளம், போர்வை, கூஜா, சவரச் சாமான், தொழுகைக்கு முசல்லா, பித்தளைச் செம்பு, மழை வந்தால் குடை, மழை வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு விசிறி. எல்லாவற்றுக்கும் மேலே சோற்றுத் தூக்கு. பிக்பாக்கெட்டுக்குப் பயந்து மணிபர்ஸையும் உள்ளேயே வைத்தார். கடையிலிருந்த பெட்டிகளிலேயே கனமான இரட்டைத் தகட்டுப் பெட்டி அது. பூட்டும் புதுமாதிரி. பூட்டச் சாவி வேண்டாம், அமுக்கினால் போதும், 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும்.

'டக்' என்று அமுக்கினார். "பாத்துக்க! யானை மிதிச்சாலும் திறக்காது!"

"ஆமாங்க" என்றாள் ஷரீபா.

வீரமலையின் குதிரைவண்டியில் மலைக்கோட்டை அடிவாரம் போய் இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். படி மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தார். பெட்டி அங்கேயே இருந்தது.

"ஏம்பா வீரமலை, இதை மேலே தூக்கிட்டு வர்றியா?"

"குதிரை வராதுங்க பாய்."

"நீ வாய்யா!"

"குதிரையே வரமாட்டேங்குது, நான் எப்படிங்க வருவேன்?" வீரமலை காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போய்விட்டான்.

பக்கத்தில் பூக்கூடையோடு மாரியாயி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்கறியா? மேலே போய் ஊரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"அதுக்கென்னங்க, போயிட்டு வாங்க."

நாலு படி ஏறினார். திரும்பி இறங்கி வந்தார்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கே?"

"கண்ணு வாங்காம பாக்கறேங்க."

மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். பாவம், அவர் என்ன செய்வார்! "பெட்டியை விட்டு ஒரு அடி நகராதீங்க, உலகம் பொல்லாதது" என்று கடைக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. மூன்றாம் தடவை இறங்கியபோது மாரியாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தாங்க, என்னைத் திருடின்னு நினைச்சீங்களா? பூ விக்கிறவ உங்க தகரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்? எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க!"

"தகரம் இல்லேம்மா, இரட்டைத் தகடு..."

"தங்கமாவே இருக்கட்டும், எடுங்க!"

மலைக்கோட்டையைக் கீழே இருந்தபடியே பார்த்தாயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"இது உள்ளே வராது. மேலே போடுங்க. லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

சட்டைப் பையில் இருந்த சில்லறை முழுக்க அதோடு தீர்ந்தது. பெட்டி பஸ் கூரைமேல். தாவூது ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் "யா அல்லாஹ், பெட்டி!" என்றார்.

"காவிரியைப் பாருங்க பாய், என்னமாப் போகுது!" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"கயிறு அவுந்துடுச்சு போலிருக்கே!" என்றார் தாவூது.

ஸ்ரீரங்கத்தில் இறங்கியபோது உச்சி வெயில். கட்டி முடிக்காமல் விட்ட மொட்டைக் கோபுரத்தின் நிழலில் பெட்டியை வைத்தார். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். பசி காதை அடைத்தது. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் ஸ்ரீரங்கம் என்று சட்டைப் பையில் கையை விட்டார். இடுப்புப் பெல்ட்டைத் தடவினார். தொப்பியைக் கழற்றி உதறினார்.

சாவி இல்லை.

சாவி எங்கே இருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மணிபர்ஸுக்குள் வைத்திருந்தார்.

ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். கல் உடைந்தது. பெரிய கல்லை எடுத்தார். அவருக்குக் கை நசுங்கியது, பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு நல்ல சரக்கு! இருபத்தைந்து வருஷத் தொழிலில் முதல் தடவையாகத் தன் சரக்கைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அந்தப் பக்கமாக வந்த ஒரு ஐயங்கார் ஸ்வாமி நின்று பார்த்தார். இவர் கடைப் பழைய வாடிக்கைக்காரர்தான்.

"யாரு, பெட்டிக்கடை பாயா? என்ன ஓய் அவஸ்தை?"

"பூட்டு திறக்கலீங்க சாமி. உள்ளே சோறு இருக்கு."

"அடடா! உம்ம பூட்டா அது? அதுக்கு உபாயமே கிடையாதே! எங்காத்துல ஒண்ணு இருக்கு. சாவி தொலைஞ்சு போய் நாலு வருஷமாச்சு. உள்ளே என்ன இருக்குன்னு பெருமாளுக்குத்தான் வெளிச்சம்!" என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

தாவூதுக்கு அழுகை வந்தது. சோறு ஒரு முழத்தில் இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. ஊர் திரும்பக் காசு இல்லை. பெட்டியை விட்டுவிட்டு நடக்க மனசு இல்லை, தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பு இல்லை. திருச்சி இருந்த திக்கைப் பார்த்தே, "ஷரீபா!" என்று கத்திவிட்டார். வீட்டில் மூக்குக்கண்ணாடி கிடைக்காவிட்டால் கத்துகிற அதே கத்தல்.

"என்னங்க?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

தூக்கிவாரிப் போட்டது. கோபுர வாசல் பக்கமிருந்து ஷரீபா வந்துகொண்டிருந்தாள். கூடவே அவள் தங்கை ரோஷன் பேகம். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கொய்யாப்பழம். வேறே ஒரு சாமானும் கிடையாது.

"நீ இங்கே எங்கே வந்தே?"

"ஊர் பாக்கத்தான். மலைக்கோட்டைக்கு உங்க பின்னாலேயேதான் வந்தோம், இங்கே அடுத்த பஸ்ல. நீங்கதான் பெட்டியைத் தவிர வேறே எதையும் திரும்பிப் பாக்கலையே."

"அதெல்லாம் அப்புறம். சாவி..."

"கேள்வி முதல்ல. மலைக்கோட்டை மேலேருந்து பாத்தா பொன்மலைப் பக்கம் என்ன தெரியுது?"

தாவூது பெட்டியைப் பார்த்தார்.

"ரயில்வே ஒர்க்ஷாப்புப் புகை தெரியுது மச்சான்" என்றாள் ரோஷன் பேகம். "ரயில் எறும்பு மாதிரி போகுது. நாங்க உச்சியிலேயே உக்காந்து நிலக்கடலை தின்னோம்."

"காவிரி ஒரு பக்கமா ஓடுதா, கரை ரெண்டும் தொட்டு ஓடுதா?" என்று அடுத்ததைக் கேட்டாள் ஷரீபா.

"அது... தண்ணிதானே, ஓடுது."

"சரி, இதையாவது சொல்லுங்க. இவ்வளவு நேரம் இந்தக் கோபுரத்தடியிலேதானே உக்காந்திருக்கீங்க? திரும்பிப் பாக்காம சொல்லுங்க. மேலே என்ன முளைச்சிருக்கு?"

திரும்பக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. பந்தயம் என்றால் தாவூது நாணயமானவர்.

"எனக்கு எப்படிடி தெரியும்? கோபுரத்துக்கு முதுகு, பெட்டிக்கு மூஞ்சின்னு உக்காந்திருக்கேன்! இந்தச் சனியனை வச்சுக்கிட்டு எவன் ஊர் பாப்பான்? தோத்துட்டேன், போதுமா? ரெண்டு டிக்கெட் எடுக்கறேன். நீயும் வந்து தொலை. முதல்ல எனக்குச் சோறு போடு!"

ஷரீபா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவி எடுத்தாள். பெட்டி திறந்தது.

"உன்கிட்ட ஏது சாவி?"

"நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க? பூட்டுக்கு ரெண்டு சாவி, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வீட்டம்மாகிட்டன்னு. வியாபாரத்துல நீங்க பொய் சொல்லமாட்டீங்களே."

கருவாட்டுக் குழம்பும் சோறும் உள்ளே போனதும் தாவூதுக்கு உலகம் கொஞ்சம் நல்லதாகப் பட்டது. போகட்டும், கூடத்தானே வருகிறாள், சமைக்க ஆளாச்சு, பெட்டி மேலே உட்கார ஆளாச்சு என்று நினைத்துக்கொண்டார். அதை வாய்விட்டும் சொன்னார்.

"உன் நல்லதுக்குத்தான் வேண்டாம்னேன். இனிமே நான் என்ன பண்றது? அங்கங்கே நீ சாமானோட உக்காரு. நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்து உனக்கு விவரமாச் சொல்றேன்."

"அது எப்படிங்க?" என்றாள் ஷரீபா, சாந்தமாக. "ஒருத்தர் சாமானோட உக்காரணும், ஒருத்தர் ஊர் பாக்கணும். நீங்க சொன்னதுதான். யாருக்கு எது வருதுன்னு இன்னிக்குத்தான் பாத்துட்டோமே? நான் ஊர் பாத்தா பாத்ததைச் சொல்றேன். நீங்க பெட்டியைப் பாத்தா அசையாமப் பாக்கறீங்க. உங்களை மாதிரி ஒரு காவல் எனக்கு எங்கே கிடைக்கும்?"

"மச்சான், நானும் வரட்டுமா?" என்றாள் ரோஷன் பேகம். "எத்தனை பேர் போனாலும் காவலுக்கு ஒருத்தர் போதுமே."

தாவூது ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஷரீபா பெட்டியை மூடி 'டக்' என்று அமுக்கி, சாவியை முடிச்சில் போட்டுக்கொண்டாள். அவர் மணிபர்ஸ் உள்ளே இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நாகப்பட்டினத்தில் மூன்று பேரும் கப்பல் ஏறினார்கள். கடலைக் கண்டதும் ஷரீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாளாம். அவள் கண் கலங்கியதை ரோஷன் பேகம்தான் சொன்னாள். தாவூது அப்போது கீழ்த்தளத்தில் இருந்தார்.

மூன்று மாசம் கழித்து அவர் கடையைத் திறந்த அன்றைக்கே அழகிரி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க பாய்! ஆசியாவையே அளந்துட்டு வந்திருக்கீங்க! பாங்காக்குல அந்தப் படுத்திருக்கிற புத்தர் எப்படி இருக்கார்?"

ஷேக் தாவூது சுத்தியலை எடுத்து, நசுங்கியிருந்த பெட்டி மூடியைத் தட்ட ஆரம்பித்தார். மூடி சரியாக ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு நசுங்கியிருந்தது.

"படுத்துக்கிட்டுத்தான் இருக்கார்னு ஷரீபா சொன்னா" என்றார்.