லைனிங் துணியில் ஒரு மன அமைதி அறை

பொய் சொல்ல எனக்கு இந்திதான் வசதி. தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். டிக்கெட் பரிசோதகரிடம் 'பாஸை வீட்டில் மறந்துவிட்டேன்' என்றதும், சரக்குக்குக் காத்திருந்த பார்ட்டியிடம் 'மால் கிளம்பிவிட்டது' என்றதும், இன்றுவரை சொன்ன மற்ற பொய்களும் இந்தியில்தான். தமிழ் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும். இந்த வித்தியாசம் எனக்குச் சரியாகப் புரியாததால், ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஆர்டர் எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது.

'எங்கள்' என்றால் என் மாமாவின் தோல் பைப் பட்டறை, தாராவி வழக்கில் கார்கானா. மாமா என் உம்மாவின் தம்பி. என் மனைவி ரஹ்மத்தின் வாப்பா. எனக்குச் சம்பளம் தரும் முதலாளி. ஒரு மனிதனுக்கு எத்தனை மேலதிகாரிகள் இருக்க முடியுமோ, அத்தனை பேரும் அவர் ஒருவரே. (சம்பள உயர்வு கேட்டால் வரதட்சணை கேட்ட மாதிரி ஆகிவிடும்.)

எங்கள் பைகளை வாங்கும் கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். கணக்குப் பார்க்க அல்ல, வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க. முன்னாடியே பட்டியல் வந்துவிடும்: முதலுதவிப் பெட்டி, அவசர வழி, தீயணைப்பு சிலிண்டர். எங்கள் சந்தில் நல்ல நிலையில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர், ஜிப் கடைக்காரருடையது. எந்தக் கார்கானாவில் ஆடிட்டோ, அன்றைக்கு அது அங்கே போய்த் தொங்கும். அந்த வருடப் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'ஆண் தொழிலாளர்களின் மனநலத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?' மாமா பழக்க தோஷத்தில் ஜிப் கடைக்குப் போய் விசாரித்தார். அவரிடமும் இல்லை.

"தனி ரூம் வேணுமாம்லே. உக்காந்து மனசு விட்டுப் பேசணுமாம்," என்று சலித்துக்கொண்டார் மாமா.

பத்து மெஷினும் ஒரு கட்டிங் மேஜையும் போட்டால் எங்கள் கார்கானாவில் மனிதன் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். தோல் அடுக்கும் மூலையைக் காலி செய்து, பைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியைக் கூரையிலிருந்து திரையாகத் தொங்கவிட்டோம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. வெளியே 'மன அமைதி அறை' என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு. உள்ளே உட்கார்ந்தால் பெரிய கைப்பைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பதிவேடும் கேட்டிருந்தார்கள். ஆறு மாதமாக யார் யார் வந்து என்ன மனக்கஷ்டம் சொன்னார்கள் என்று இரண்டு வேறு பேனாக்களால் நானே எழுதினேன். கொஞ்சமாவது நிஜமாக இருக்கட்டுமே என்று கட்டிங் மாஸ்டர் பீர் மைதீன் அண்ணனிடம் கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்தார்.

"கஷ்டம்னா... முட்டி வலிக்கி."

"மனசுலண்ணே."

"மனசுல என்னத்த? வலிச்சா முட்டியிலதான வலிக்கும்?"

வருகிறவர் தொழிலாளி ஒருவரிடம் தனியாகப் பேசுவார் என்றும் பட்டியலில் இருந்தது. மாமா எல்லோரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நீதான் பேசணும். ஒன் மூஞ்சப் பாத்தாலே நம்பிருவாங்க."

வசனத்தை இந்தியில் தயார் செய்தேன். வேலைப்பளுவால் தவித்தேன், இந்த அறைக்கு வந்து பேசினேன், இப்போது படுத்தால் தூக்கம், எழுந்தால் உற்சாகம். ரஹ்மத்திடம் ஒப்பித்துக் காட்டினேன். "நல்லா நடிக்கீங்க," என்றாள். ("இப்பிடித் தூங்குனா நல்லாத்தான் இருக்கும்" என்றும் சொன்னாள். பாராட்டில் மயங்கியிருந்ததால் அது என் காதில் ஏறவில்லை.)

ஆடிட்டுக்கு வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். அந்தச் சந்து முழுவதும் நடந்து வந்தும் சட்டையில் இஸ்திரி கலையவில்லை. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், வழியை அளந்தார், என்னோடு திரைக்குள் வந்து உட்கார்ந்தார். மாமா உத்தரவுப்படி வெளியே பத்து மெஷினும் ஓடின. வேலை நடப்பதாகத் தெரியும், நான் உளறினாலும் வெளியே கேட்காது.

இந்தியில் இரண்டு வாக்கியம் போயிருக்கும். அவர் கையை உயர்த்தினார்.

"நீங்க தமிழா? நானும் தமிழ்தான், பக்கத்துல மாட்டுங்கா. தமிழ்லயே சொல்லுங்கோ, ரெண்டு பேருக்கும் சௌகரியம்."

சௌகரியமாவது! "வேலப் பளுவால..." என்று தமிழில் தொடங்கினேன். யாரோ ரேடியோவில் செய்தி வாசிப்பது போல என் காதுக்கே கேட்டது. அவர் குறிப்பேட்டைப் பார்த்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ராத்திரி தூக்கம் வரதோ?"

வசனப்படி பதில், 'வருகிறது.'

"இல்ல சார்," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏழு மாசமா ஒறக்கமில்ல சார். எங்க வாப்பா மௌத்தாயிட்டாங்க. அடக்கம் பண்ணி மூணாம் நாளே ஷிப்மென்ட் இருக்குன்னு மாமா என்னயக் கூட்டிட்டு வந்துட்டாங்க. வேல பாத்தா மறந்துரும்னாங்க. மறக்கல சார்."

"வீட்ல யார்கிட்டயாவது சொன்னேளா?"

"யாருகிட்ட சார்? உம்மாகிட்ட சொன்னா, மாமா அவங்களுக்குத் தம்பி. பொண்டாட்டிகிட்ட சொன்னா, அவளுக்கு வாப்பா. எங்க வாப்பா ஒருத்தர்தான் சார் இருந்தாங்க. சாயங்காலம் பஸ் புடிச்சி தேவ்நார்ல வாப்பாவப் பாக்கப் போவேன். ரெண்டு பேரும் சாயா குடிச்சிக்கிட்டே மாமாவ ஒரு மணி நேரம் திட்டுவோம். மனசு லேசாயிரும். இப்ப யாரு கூட சார் திட்ட?"

அதற்கு மேல் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே மாமாவின் குற்றங்களை வரிசைப்படுத்தினேன். ஸ்கேலால் மேஜையைத் தட்டுவது, மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பி வைப்பது, லீவு கேட்டால் 'தோலுக்கு என்னைக்காவது ஜுரம் வருதாலே?' என்பது. (அதை அவர் குரலிலேயே செய்து காட்டினேன்.) அப்புறம் உண்மை பேசும் வெறி பிடித்துவிட்டது. அறை போன செவ்வாய்க்கிழமைதான் கட்டியது, பதிவேடு என் கையெழுத்து, சிலிண்டர் ஜிப் கடையுடையது. டிஷ்யூ பெட்டி மட்டும் நாங்களே வாங்கியது என்றும் தெரிவித்தேன்.

மூக்கைச் சிந்தும்போதுதான் கவனித்தேன், வெளியே ஒரு மெஷினும் ஓடவில்லை. தோலுக்கு ஜுரம் வந்த இடத்திலேயே கடைசி மெஷினும் நின்றுவிட்டதாகப் பீர் மைதீன் அண்ணன் பிறகு சொன்னார்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கறேளா?" என்றார் வந்தவர். உள்ளே தண்ணீர் வைக்க எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அப்போது திரையின் இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. கையில் டம்ளர். மணிக்கட்டில் மாமாவின் கடிகாரம்.

குடித்தேன். வேறு என்ன செய்வது? காலி டம்ளரை வாங்கிக்கொள்ள அந்தக் கை அங்கேயே காத்திருந்தது.

அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அறிக்கையில் பாதிக்கு மேல் 'இல்லை.' மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் நிஜமாகவே செய்து காட்ட வேண்டும், அதுவரை புது ஆர்டர் கிடையாது. அன்று முழுவதும் மாமா ஸ்கேலால் மேஜையை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வேலை, மாமனார், தாய்மாமன் மூன்றும் ஒரே நாளில் போய்விட்டதாக முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்த மாமா, நேராகத் திரையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தார்.

"உள்ள வா."

போனேன்.

"திட்டு."

"மாமா?"

"நெசமா நடத்தச் சொல்லிட்டுப் போயிருக்காருல்லா? திட்டு. ஒங்க வாப்பா என்னய எப்பிடித் திட்டுவாரு?"

"கஞ்சன்னு..." என்று இழுத்தேன்.

"மச்சான் அப்பிடிச் சொல்ல மாட்டாரே. 'கஞ்சப் பிசினாரி'ம்பாரு. எம் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாரு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருசமா என்னயத் திட்டுனது அவரு ஒருத்தருதாம்லே. மத்தவனெல்லாம் மொதலாளி மொதலாளிங்கான். இப்ப எனக்குத் திட்ட ஆளில்ல."

வாப்பாவை இழந்தவன் நான் ஒருவன்தான் என்று ஏழு மாதமாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிஷ்யூவை அடுத்த ஆடிட்டுக்கு மிச்சம் வைத்தார். அன்று நான் தூங்கினேன்.

அதன் பிறகு ஆட்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முதலாளியைத் திட்ட அனுமதி என்றுதான் வருவார்கள், ஐந்து நிமிடத்தில் பேச்சு வேறெங்காவது போய்விடும். பீர் மைதீன் அண்ணன் முட்டியில் ஆரம்பித்து, ஒரு வருடமாக வீட்டோடு பேசாத மகனில் வந்து முடித்தார். மூன்று மாதம் கழித்து ஆடிட்டில் தேறினோம்.

ரஹ்மத் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. மாமா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாலும், மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே சத்தமாகக் கேட்பாள்: "வாப்பாவுக்கு பிரஷர் மாத்திர குடுத்தாச்சி. நீங்க இன்னும் திட்டலியா?" விருந்தாளிகள் திகைத்துப் பார்க்க, நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமாவைத் திட்ட ஆரம்பிப்பேன். வெளியூர் போனால் போனில் திட்டுகிறேன். ஒரு நாள் விட்டுப்போனாலும் மனுஷர் சரியாகச் சாப்பிடுவதில்லை.